துருவ ஒளிப் படம்: ஓடுவது ஒளியா, கேமராவா?

மாலைவெள்ளி எழுதியது:

வரும் குளிர்காலத்தில் நார்வேயின் டிரோம்சோ பக்கம் போகிறேன். துருவ ஒளியை (துருவப் பக்கத்து இரவு வானில் திரைச்சீலை போல ஆடும் அரோராவை) படம் எடுப்பது பற்றிப் படிக்கத் தொடங்கியதில் தெளிவைவிடக் குழப்பம்தான் கூடியது. ஒரு கட்டுரை ஷட்டரை 20 நொடி திறந்து வைக்கச் சொல்கிறது. இன்னொன்று ஐந்து நொடியைத் தாண்டினால் படம் பாழ் என்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களின் விவரங்களைப் பார்த்தாலோ ஒரு நொடி, அரை நொடி என்றே இருக்கிறது. அவர்கள் ஒளிக்குப் பக்கத்தில் இருப்பதால் வெளிச்சம் அதிகம் கிடைக்கிறதா?

நிறமும் இடிக்கிறது. தரையிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பாலும் பச்சை. மேலிருந்து எடுத்தவற்றில் பச்சைக்கு மேல் ஒரு சிவப்புப் படலம். நேரில் பார்த்தவர்களோ "சாம்பல் நிற மேகம் மாதிரி இருந்தது" என்கிறார்கள். மூன்றில் எதை நம்புவது?

வில்லைவேந்தன் எழுதியது:

20 நொடி என்ற அறிவுரை ஃபிலிம் காலத்து மிச்சம். அப்போது லென்ஸ்களும் அவ்வளவு ஒளியை வாங்கவில்லை, ஃபிலிமும் மந்தம். இன்றைய முழுச்சட்டக கேமராவில் 14 முதல் 24 மில்லிமீட்டர் வரையுள்ள ஒரு லென்ஸை எஃப் 1.4 அல்லது 1.8-இல் (எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறக்கும்) திறந்து, ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்திறன் அளவை 1600 அல்லது 3200-இல் வைத்தால் நிதானமான ஒரு பச்சை வில்லுக்கு மூன்று நான்கு நொடி தாராளம். எஃப் 2.8 லென்ஸ்தான் கையில் இருக்கிறது என்றால் ஆறு, எட்டு நொடி.

ஆனால் இந்த எண்களை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒளி எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைக் கண் பார்க்க வேண்டும், கை அதற்கேற்ப ஷட்டரைத் திருக வேண்டும். வானத்தின் குறுக்கே சும்மா கிடக்கும் வில் பத்து நொடியையும் தாங்கும். அதே வில் திடீரென முறுக்கிக்கொண்டு, கதிர் கதிராகப் பிரிந்து ஓடத் தொடங்கும்போது ஒரு நொடிகூட அதிகம். அந்த நேரத்தில் எட்டு நொடி வைத்தவருக்கு மடிப்பு, கதிர் எதுவும் கிடைக்காது. பாசி பிடித்த சுவர் போல ஒரு பச்சைப் பரப்புதான் கிடைக்கும். இணையத்தில் உலவும் துருவ ஒளிப் படங்களில் பாதி இந்தச் சுவர்தான் என்பது என் கருத்து.

ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றத் தயங்காதீர்கள். அதனால் படத்தில் சிதறும் புள்ளிகளை (இரைச்சலை) பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், கரைந்துபோன மடிப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ராக்காவலன் எழுதியது:

"பக்கத்தில் இருப்பதால் வெளிச்சம் அதிகமா" என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் செய்தி, அவர்கள் பக்கத்திலேயே இல்லை. பச்சை ஒளி பிறப்பது ஏறக்குறைய 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில். விண்வெளி நிலையம் சுற்றுவது 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. திரைச்சீலைக்கு நேர் கீழே நிற்கும் நீங்கள் அதிலிருந்து 100 கிலோமீட்டரில் இருக்கிறீர்கள். நேர் மேலே இருக்கும் விண்வெளி வீரர் 300 கிலோமீட்டரில் இருக்கிறார். அதுவும் அபூர்வம். நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது, அதைத் தாண்டி வடக்கே அது போவதே இல்லை. பெரும்பாலும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, பக்கவாட்டில்தான் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, பரந்து கிடக்கும் ஒளிப்பரப்பின் பிரகாசம் தூரத்தால் கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை. கிட்டே போனால் பெரிதாகத் தெரியும், ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் அதேதான். மேலிருந்து பார்க்கையில் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் கோணம். மெல்லிய ஓர் ஒளி அடுக்கைப் பக்கவாட்டில் துளைத்துப் பார்க்கும்போது பார்வைக்கோடு அந்த அடுக்குக்குள் நெடுந்தூரம் போகிறது, வழியில் உள்ள ஒளியெல்லாம் சேர்ந்துகொள்கிறது. தரைக்காற்றின் தூசியும் ஈரமும் இடையில் இல்லாததும் ஓரளவு உதவும்.

அப்படியானால் அவர்கள் ஏன் ஒரு நொடிக்கு மேல் போவதில்லை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மில்லிமீட்டர் லென்ஸ், 6 மைக்ரான் பிக்சல். நேர் கீழே 400 கிலோமீட்டரில் ஒரு பிக்சல் தரையில் 100 மீட்டரை அடைக்கும். நிலையம் நொடிக்கு 7.66 கிலோமீட்டர் பறக்கிறது, தரையில் அதன் நிழல்தடம் நொடிக்கு 7.2 கிலோமீட்டர் நகரும். ஆக, ஒரு நொடி திறந்தால் நேர் கீழே உள்ள நகர விளக்கு 70 பிக்சலுக்கு மேல் இழுபடும். 1,500 கிலோமீட்டர் தள்ளியுள்ள துருவ ஒளி 20 பிக்சல் அளவுக்கு. விண்மீன்களும் நிற்காது. நிலையம் தன் வயிற்றுப் பக்கத்தைப் பூமிக்கே காட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவதால், நிமிடத்துக்கு 4 பாகை திரும்புகிறது. அது நொடிக்கு 4 அல்லது 5 பிக்சல். தரையிலோ வானம் நிமிடத்துக்குக் கால் பாகைதான் சுழல்கிறது. அதே லென்ஸில் பத்து நொடிக்கு மூன்று பிக்சல், அவ்வளவே.

கீழே ஒளி ஓடுகிறது, கேமரா நிற்கிறது. மேலே கேமராதான் ஓடுகிறது.

சுடர்க்கொடி எழுதியது:

ராக்காவலன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். துருவ ஒளிக் கதிர்களில் மிக மெல்லியவை 100 மீட்டர் அகலம் வரை ஒடுங்கும். உங்கள் கணக்கின்படியே, 100 கிலோமீட்டரில் இருந்து அது 4 பிக்சல். 1,000 கிலோமீட்டரில் இருந்து அரைப் பிக்சல்கூட இல்லை. ஆகவே நுண்மடிப்புகள் வேண்டுமென்றால் தரைதான் இடம், சுற்றுப்பாதையில் அவற்றைத் தேடிப் பயனில்லை. ஆனால் அந்தக் கதிர் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலே தரைக் கேமராவில் 40 பிக்சல் கரைந்துவிடும். வில்லைவேந்தன் ஷட்டர் நேரத்துக்காக ஏன் இப்படிக் கொதிக்கிறார் என்பது இப்போது புரியும்.

நிறத்துக்கு வருவோம். பச்சையும் சிவப்பும் இரண்டுமே ஆக்சிஜன் அணுவின் வேலை. பச்சையின் அலைநீளம் 557.7 நானோமீட்டர், சிவப்பினுடையது 630. தூண்டப்பட்ட அணு பச்சையை உமிழ முக்கால் நொடி போல எடுத்துக்கொள்ளும். சிவப்பை உமிழ ஏறக்குறைய 110 நொடி. இந்த 110 நொடிக்குள் வேறொரு மூலக்கூறு வந்து மோதினால் ஆற்றல் அதனிடம் போய்விடும், ஒளி பிறக்காது. கீழே காற்று அடர்த்தி, மோதல் அதிகம். எனவே சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேலேதான் தழைக்கும், 400 வரையிலும் அதற்கு மேலும் போகும். விண்வெளி நிலையம் சில வேளைகளில் அந்தச் சிவப்புக்குள்ளேயே பறக்கிறது.

சிவப்பில் கூர்மையான மடிப்பு இல்லாததற்கும் இதுவே காரணம். அணு ஒளியை விடுவதற்குள் நிமிடக்கணக்கில் தாமதம், அதற்குள் அது நகர்ந்துவிடுகிறது. அதைப் படத்தில் கூர்மையாக்க முயல்வது வீண்.

தரையில் நிற்பவருக்குச் சிவப்பு ஏன் அரிது? திரைக்கு நேர் கீழே நின்றால் பச்சையின் வழியாகத்தான் சிவப்பைப் பார்க்க வேண்டும், பச்சை அதை அமுக்கிவிடும். தள்ளி நின்றால் கதை தலைகீழ். 100 கிலோமீட்டர் உயரத்துப் பச்சை 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். 400 கிலோமீட்டர் உயரத்துச் சிவப்பு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் தொலைவு வரை தெரியும். 2024 மே 10, 11 இரவுகளில் வந்த ஜி5 (உச்ச அளவு) புவிக்காந்தப் புயல் நினைவிருக்கும், 2003 அக்டோபருக்குப் பிறகு அந்த அளவுக்கு வந்த முதல் புயல். அப்போது ஃபுளோரிடா, மெக்சிகோ வரை தெரிந்தது. அவ்வளவு தெற்கே எடுத்த படங்களில் சிவப்பும் இளஞ்சிவப்பும் மிகுந்திருந்ததற்கு இந்த வடிவியல் ஒரு முக்கியக் காரணம்.

உப்புக்கல் எழுதியது:

எல்லாரும் இயற்பியல் பேசுகிறீர்கள், நான் வயிற்றெரிச்சலைப் பேசுகிறேன். நேரில் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வெளிறிய சாம்பல்தான். பக்கத்தில் நின்றவர் கைபேசியை நீட்டினார், திரையில் மரகதப் பச்சை. ஊருக்குத் திரும்பியதும் அந்தப் படத்தைத்தான் "நாங்கள் பார்த்தது" என்று போட்டார். விண்வெளிப் படங்களும் லேசுப்பட்டவை அல்ல. வண்ணச் செறிவை ஏற்றிவிட்டுப் பரப்புகிறார்கள். இதைப் புகைப்படம் என்று சொல்லக் கூச்சமாக இல்லையா?

சுடர்க்கொடி எழுதியது:

மங்கிய ஒளியில் நம் கண்ணின் வேலையைச் செய்வது குச்சி உயிரணுக்கள், அவற்றுக்கு நிறம் தெரியாது. நிறம் அறியும் கூம்பு உயிரணுக்கள் விழித்துக்கொள்ள ஒளி கொஞ்சம் பலமாக வேண்டும். ஒளி பலமாக வெடிக்கும் இரவுகளில் பச்சையும், கீழ் விளிம்பில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பும் வெறுங்கண்ணுக்கே தெரியும். கைபேசி மூன்று நொடி ஒளியைச் சேர்த்துக் காட்டுகிறது, கண்ணால் அப்படிச் சேர்க்க முடியாது. 557.7 நானோமீட்டர் என்பது பச்சைதான், உங்கள் கண் ஒத்துழைக்காவிட்டாலும்.

உப்புக்கல் எழுதியது:

நிறம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏற்றிக் காட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வில்லைவேந்தன் எழுதியது:

அதில் உங்கள் பக்கம் நான். ஒரு சோதனை சொல்கிறேன். படத்தில் பனியைப் பாருங்கள். பனி பச்சை தோய்ந்து இருக்கலாம், பளபளக்கும் பச்சைச் சாயமாக இருக்கக் கூடாது. விண்மீன்கள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 3,500 முதல் 4,000 கெல்வினுக்குள் ஒன்றில் நிறுத்திவிடுங்கள். தானியங்கியில் விட்டால் வானம் பச்சையாக ஆக ஆக கேமரா அதை நடுநிலைப்படுத்தப் பார்க்கும், ஒவ்வொரு படமும் ஒரு நிறத்தில் வரும்.

நண்டுக்கால் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. நான் இணைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். நட்டநடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வட்டங்கள், கைரேகை மாதிரி. லென்ஸைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அதே லென்ஸில் நகரத்தின் இரவுப் படத்தில் இந்த வட்டம் இல்லை. லென்ஸ் கெட்டுவிட்டதா?

வில்லைவேந்தன் எழுதியது:

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் முன்னால் மாட்டியிருக்கும் புற ஊதா வடிகட்டியைக் கழற்றுங்கள். துருவ ஒளியின் பச்சை ஒரே அலைநீளம் கொண்டது. வடிகட்டியின் இரு தட்டையான முகங்களுக்கு இடையே அது முன்னும் பின்னும் பட்டு, ஒன்றோடொன்று குறுக்கிட்டு வட்டங்களை வரைகிறது. நகர ஒளியில் பல அலைநீளங்கள் கலந்திருப்பதால் ஒவ்வொன்றின் வட்டமும் வெவ்வேறு இடத்தில் விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். எடுத்த படத்தில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. விலை உயர்ந்த வடிகட்டி என்றாலும் இதே கதைதான். பாதுகாப்புக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் கூண்டு (லென்ஸ் ஹூட்) போதும்.

ராக்காவலன் எழுதியது:

வடிகட்டியைக் கழற்றிவிடலாம் என்ற கொடுப்பினை மேலே இல்லை. அங்கே கண்ணாடி வழியாகத்தான் எடுத்தாக வேண்டும். 2010 பிப்ரவரியில் பொருத்திய குபோலா என்ற கவிகைக் கூடத்தில் ஏழு ஜன்னல்கள், நடுவில் உள்ள வட்ட ஜன்னல் 80 சென்டிமீட்டர் விட்டம். ஒவ்வொரு ஜன்னலும் பல அடுக்கு. உள்ளே கீறல் தாங்கும் ஒரு கண்ணாடி, நடுவில் காற்றழுத்தத்தைத் தாங்கும் இரண்டு, வெளியே நுண்கற்களுக்கு எதிராக ஒன்று. உள்ளே எரியும் சின்ன விளக்குகூட அவற்றில் பிரதிபலிக்கும். விளக்கை அணைத்து, கறுப்புத் துணியால் கேமராவையும் தன்னையும் மறைத்துக்கொண்டு எடுக்கிறார்கள். கதிர்வீச்சு கேமராவின் உணரியைத் தாக்குவதால் நாளாக ஆகச் செத்த பிக்சல்கள் கூடும், அவ்வப்போது புதுக் கேமரா அனுப்ப வேண்டியிருக்கிறது.

இதிலெல்லாம் கைதேர்ந்தவர் நாசா விண்வெளி வீரர் டான் பெட்டிட். 2002-03 பயணத்திலேயே நிலையத்தில் கிடந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு, தரையின் ஓட்டத்தை ஈடுகட்டும் ஒரு கேமராத் தாங்கியைச் செய்தார். இரவு நகரங்கள் இழுபடாமல் கிடைத்தது அதனால்தான். 2024-25 பயணத்தில் நிலையத்தின் 4 பாகைச் சுழற்சியை எதிர்த்திசையில் திருப்பி ஈடுகட்டும் கருவியைக் கொண்டுபோய், விண்மீன்கள் புள்ளியாக நிற்கும் நெடும்படங்கள் எடுத்தார். கவனியுங்கள், விண்மீனை நிறுத்தினால் பூமி இழுபடும், பூமியை நிறுத்தினால் விண்மீன் இழுபடும். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த ஒரே வழி, குறுகிய ஷட்டர்.

மாலைவெள்ளி எழுதியது:

நாசாவின் விண்வெளி வீரர் படத் தொகுப்பில் மேய்ந்துகொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். துருவப் பக்கமே இல்லாத, நிலநடுக்கோட்டுக்கு அருகே எடுத்த படங்களிலும் பூமியின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பச்சைக்கோடு இருக்கிறதே. அங்கேயும் துருவ ஒளியா?

சுடர்க்கொடி எழுதியது:

இல்லை. அது வளிமண்டலத்தின் சொந்த ஒளிர்வு. பகலில் சூரிய ஒளி பிளந்து வைத்த ஆக்சிஜன் அணுக்கள் இரவில் மீண்டும் சேரும்போது வெளிப்படும் ஆற்றல். 95 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் பூமி முழுவதையும் போர்த்தியிருக்கிறது. நிறம் அதே 557.7 என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரித்தறிவது எளிது. ஒரே தடிமனில், கோடு போட்டது போல நீண்டுகொண்டே போனால் ஒளிர்வு. உயரம் மாறி, நெளிந்து, செங்குத்தாகக் கதிர் எழுந்தால் துருவ ஒளி. நல்ல படங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரம், லென்ஸ், நிலையம் அப்போது எந்த இடத்துக்கு மேலே இருந்தது என்ற விவரம் உண்டு. கனடாவின் தென்பகுதிக்கு மேலும், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயும் எடுத்த வரிசைகளைத் தேடுங்கள். காந்தத் துருவம் புவியியல் துருவத்திலிருந்து விலகி இருப்பதால் அங்கேதான் நிலையம், காந்தத் துருவத்தைச் சுற்றித் துருவ ஒளி தோன்றும் வளையத்தை மிக நெருங்குகிறது.

நண்டுக்கால் எழுதியது:

வடிகட்டியைக் கழற்றினேன், வட்டம் போயே போய்விட்டது. நன்றி ஐயா. அப்படியானால் துருவத்துக்கு நேர் மேலே பறக்கும் விண்கலத்தில் ஏறி எடுத்தால் இன்னும் அருமையாக இருக்குமே?

ராக்காவலன் எழுதியது:

அதையும் செய்துவிட்டார்கள். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் ஃபிராம்2 பயணத்தில் நான்கு பேர் டிராகன் கலத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றினார்கள், மனிதர்கள் அந்தப் பாதையில் போனது அதுவே முதல் தடவை. துருவ ஒளியைப் படம் எடுப்பதும் அவர்களது திட்டத்தில் இருந்தது. ஆனால் இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. ஒளி துருவத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பதில்லை, காந்தத் துருவத்தைச் சுற்றி வளையமாக இருக்கிறது. வடதென் பாதையில் போகும் கலம் அதைக் குறுக்கே வெட்டி ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். தவிர, ஏப்ரலில் வடதுருவத்தில் சூரியன் மறைவதே இல்லை.

வளையத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் வெகு உயரே போக வேண்டும். 1981-இல் ஏவிய டைனமிக்ஸ் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோள்தான் முழு வளையத்தையும் ஒரே படத்தில் முதலில் காட்டியது. புற ஊதாவில் எடுத்ததால் பகல் பக்கத்து ஒளியும் அதில் சிக்கியது. சுவோமி என்பிபி என்ற வானிலைச் செயற்கைக்கோள் 824 கிலோமீட்டரில் இருந்து எடுப்பது வேறு வகை. அது ஒரே நொடியில் எடுத்த படம் அல்ல, செயற்கைக்கோள் நகர நகரப் பட்டை பட்டையாக வருடிச் சேர்த்தது. ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 1.8 நொடி இடைவெளி. அதற்குள் ஒளி நகர்ந்துவிடுவதால் ஓரங்கள் ரம்பப் பல் போலத் தெரியும். அதைத் துருவ ஒளியின் வடிவம் என்று எடுத்துக்கொண்டு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உப்புக்கல் எழுதியது:

இவ்வளவு செயற்கைக்கோள் இருக்கும்போது பனியில் நின்று நாம் எடுக்கும் படத்துக்கு என்ன மதிப்பு? நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதானே.

சுடர்க்கொடி எழுதியது:

அப்படிச் சொல்லிவிடாதீர்கள். தரைக் கேமராதான் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தது. துருவ ஒளியின் முதல் படத்தை மார்ட்டின் பிரெண்டல் 1892-இல் வடநார்வேயின் போசெகோப்பில் எடுத்தார். 1910-இல் அதே போசெகோப்பில் கார்ல் ஸ்டோர்மர் இரண்டு இடங்களில் கேமராவை வைத்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே கணத்தில் ஷட்டரைத் தட்ட வைத்தார். பின்னணி விண்மீன்களை வைத்து இரண்டு படங்களுக்கும் உள்ள விலகலை அளந்து உயரத்தைக் கணக்கிட்டார். நாம் இங்கே சாதாரணமாக 100 கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டிருப்பது அந்த வேலையின் பலன்.

பழங்கதை வேண்டாம் என்றால், ஸ்டீவ் என்று பெயர் பெற்ற ஒளியைப் பாருங்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவர்கள் ஊதா நிற மெல்லிய பட்டை ஒன்றை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2016-இல் விஞ்ஞானிகளின் காதுக்கு எட்டியது. ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள் ஒருமுறை அதைக் கடந்திருந்தது. தரவைப் பிரித்துப் பார்த்தால், நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே பாயும் சூடான வாயு ஆறு, அகலம் 25 கிலோமீட்டர். பின்லாந்தின் ஆர்வலர்கள் கண்டெடுத்த மணல்மேட்டு வடிவ ஒளி 2020-இல் ஆய்விதழில் வந்தது. படத்தோடு நேரத்தையும் இடத்தையும் துல்லியமாகக் குறித்து வைப்பவர்களுக்கே இந்த வாய்ப்பு. கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வையுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

உப்புக்கல் எழுதியது:

கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டேன். வாயை அடைத்துவிட்டீர்கள்.

வில்லைவேந்தன் எழுதியது:

மாலைவெள்ளிக்கு, புறப்படும் முன் சில வார்த்தைகள். குவியத்தைப் பகலிலேயே குறித்து வைத்துப் பயனில்லை, குளிரில் அது நகரும். இரவில் பளிச்சென்ற ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும் வரை கையால் திருகி, லென்ஸின் குவிய வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். பேட்டரிகளைச் சட்டைக்குள் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியில் மூச்சை விடாதீர்கள், உடனே பனிப்படலம் ஏறும். அறைக்குள் வரும் முன், வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். நினைவட்டையை அதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படத்தைப் பார்க்கும் ஆவலில் பையைத் திறந்துவிடுவீர்கள்.

கேபி எண் (புவிக்காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை சொல்லும் அளவு) 2 என்று செயலி காட்டினால் படுத்துத் தூங்கிவிடாதீர்கள். அந்த எண் தெற்கே இருப்பவர்களுக்குத்தான் முக்கியம். டிரோம்சோ துருவ ஒளி வளையத்துக்கு அடியிலேயே இருக்கிறது, 1 அல்லது 2-இலும் அங்கே ஒளி வரும். நீங்கள் பார்க்க வேண்டியது மேகப் படம்.

மாலைவெள்ளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது 20 மில்லிமீட்டர் எஃப் 1.8. ஒளி நிதானமாக இருந்தால் நான்கு நொடி, முறுக்கத் தொடங்கினால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி ஒரு நொடிக்குக் கீழே. வடிகட்டி வீட்டிலேயே இருக்கும். ஒரே ஒரு கேள்வி பாக்கி: தொடர்படம் எடுத்து ஒட்டி ஓடவிட, இரண்டு படங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம்?

ராக்காவலன் எழுதியது:

இடைவெளியே விடாதீர்கள். ஷட்டர் மூடியதும் அடுத்தது திறக்கட்டும். நிலையத்திலும் அப்படித்தான், ஒரு சுற்றில் இரவு 35 நிமிடம் போலத்தான் கிடைக்கும், அதில் வளையத்தின் பக்கம் இருப்பது சில நிமிடங்களே. பெரிய நினைவட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள்.